நழுவும் முழங்கால் சில்லு: புதிய ஜவ்வு செய்யும் வேலையும் செய்யாத வேலையும்

விளையாட்டுச் செய்திகளில் "முழங்கால் விலகியது" என்று ஒரு வரி வருகிறது. சில நாட்கள் கழித்து "ஜவ்வு அறுவைச் சிகிச்சை முடிந்தது" என்று இன்னொரு வரி. படிப்பவர்களில் பெரும்பாலோர் இதை ஏ.சி.எல். கிழிசல் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். முழங்கால் ஜவ்வு என்றாலே நினைவுக்கு வருவது அதுதான். பதின்ம வயதுப் பிள்ளைக்குச் சில்லு நழுவி, மருத்துவர் "எம்.பி.எஃப்.எல். மறுசீரமைப்பு" (சில்லைக் காக்கும் உட்புற ஜவ்வைப் புதிதாக அமைப்பது) என்று சீட்டில் எழுதித் தரும்போது இந்தக் குழப்பம் செய்தி வாசிப்போடு நிற்பதில்லை. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரியாமலே பெற்றோர் கையெழுத்திட நேர்கிறது.

ஆகவே முதலில் மூன்று காயங்களைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. முழங்கால் மூட்டே விலகுவது. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றைவிட்டு ஒன்று பெயர்ந்துபோகின்றன. மூட்டின் பின்னால் ஓடும் பெரிய இரத்தக்குழாய் சேதமடையக்கூடும் என்பதால் இது காலையே இழக்கவைக்கும் அவசர நிலை. அரிதானது.

2. ஏ.சி.எல். கிழிவது. மூட்டுக்குள் குறுக்காக ஓடும் ஜவ்வு இது. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி வழுக்காமல் தடுப்பது இதன் பணி.

3. சில்லு விலகுவது. மூட்டின் முன்னால் இருக்கும் வட்டமான சிறு எலும்பு தன் பாதையைவிட்டு வெளிப்புறமாக நழுவுகிறது. பெரும்பாலும் பதின்ம வயதினரையும் இளைஞர்களையும் தாக்குவது இதுதான். இந்தக் கட்டுரை பேசுவதும் இதைப் பற்றித்தான்.

இந்த மூன்றாவது காயத்துக்கான அறுவைச் சிகிச்சையைச் சுற்றி ஒரு தவறான எண்ணம் ஊறிக் கிடக்கிறது: புதிதாக வைக்கும் ஜவ்வு, விலகி ஓடும் சில்லை உள்பக்கம் இழுத்து நேராக்கிவிடும் என்பது. அப்படி இழுக்கும் ஜவ்வு முழங்காலைக் கெடுக்கும். ஏன் என்று பார்க்க, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

சில்லு ஓடும் பாதை

தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு இணைப்பது ஜவ்வு. முழங்கால் சில்லு ஒரு தசைநாணுக்குள் புதைந்திருக்கும் எலும்பு. உடலில் அவ்வகை எலும்புகளில் இதுவே மிகப் பெரியது. சில்லின் மேல்விளிம்பில் முன்தொடைத் தசைகளின் நாண் வந்து சேர்கிறது. கீழ்நுனியிலிருந்து இன்னொரு நாண் கிளம்பி, கீழ்க்கால் எலும்பின் முன்பக்க மேட்டில் பதிகிறது. தசையின் இழுவிசையை மூட்டின் அச்சிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துவதால், குறைந்த விசையில் காலை நீட்டச் சில்லு உதவுகிறது.

தொடை எலும்பின் கீழ்முனையில், முன்பக்கம், ஒரு பள்ளம் இருக்கிறது. காலை மடக்கும்போது சில்லு இந்தப் பள்ளத்துக்குள் இறங்கி ஓடுகிறது. பள்ளத்தின் வெளிச்சுவர் உள்சுவரைவிட உயரமானது. சில்லு வெளியே வழுக்காமல் தடுக்கும் முதன்மையான எலும்புத் தடுப்பு அந்தச் சுவர்தான்.

ஆனால் கால் முழுக்க நீட்டியிருக்கும்போது சில்லு பள்ளத்துக்கு மேலே நிற்கிறது. ஏறத்தாழ 20 முதல் 30 டிகிரி மடங்கிய பிறகே அது பள்ளத்துக்குள் ஒழுங்காக உட்காருகிறது. நேர் நிலையிலிருந்து அந்த 30 டிகிரி வரையிலான சிறு இடைவெளியில் எலும்புச் சுவரின் காவல் கிடைப்பதில்லை. அதோடு, தொடை எலும்பு இடுப்பிலிருந்து உள்நோக்கிச் சாய்ந்து முழங்காலுக்கு வருவதால், முன்தொடைத் தசை இறுகும்போதெல்லாம் சில்லின்மேல் வெளிப்புறம் நோக்கிய ஓர் இழுவை விழுகிறது. காவல் குறைந்த இடைவெளி, வெளியே இழுக்கும் விசை: சில்லு ஏறக்குறைய எப்போதும் வெளிப்புறமே நழுவுவதற்குக் காரணம் இதுதான்.

எம்.பி.எஃப்.எல். என்னும் ஜவ்வு

அந்த இடைவெளியைக் காப்பது முழங்காலின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய ஜவ்வு. சில்லின் உள்விளிம்பில் மேல் பாதியிலிருந்து விசிறியாக விரிந்து கிளம்பி, தொடை எலும்பின் உட்புறத்தில் இரண்டு எலும்பு மேடுகளுக்கு நடுவே போய்ப் பதிகிறது. நீளம் சுமார் 55 மில்லிமீட்டர். எம்.பி.எஃப்.எல். என்பது அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்.

கால் நீட்டிய நிலையிலும் சற்றே மடங்கிய நிலையிலும், சில்லு வெளியே போகாமல் தடுக்கும் மொத்த விசையில் 50 முதல் 60 சதவீதத்தை இந்த ஒரே ஜவ்வு தருகிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இத்தனை பொறுப்பைச் சுமந்தும் அது வலுவானதன்று. சோதனைகளில் சுமார் 208 நியூட்டன் விசையில் அறுந்திருக்கிறது. ஏறத்தாழ 21 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் விசை அது.

இவ்வளவு மெலிந்த ஒன்று எப்படி இந்த வேலையைச் செய்கிறது? முளையில் கட்டிய கன்றின் கயிற்றைப்போல. கன்று தன் வட்டத்துக்குள் மேயும்வரை கயிறு தொய்ந்தே கிடக்கும். எல்லையைத் தாண்ட முற்படும்போது மட்டும் இறுகும். எம்.பி.எஃப்.எல். ஜவ்வும் சாதாரண அசைவில் சில்லை இழுப்பதில்லை. சில்லு வெளியே நகரத் தொடங்கும்போதுதான் இறுகித் தடுக்கிறது. கால் 30 டிகிரிக்கு மேல் மடங்கி, சில்லு பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால், ஜவ்வு மெல்லத் தளர்ந்து பொறுப்பை எலும்புச் சுவரிடம் விட்டுவிடுகிறது. மடங்கும்போது தளர வேண்டும் என்ற இந்த இயல்பு பின்னால் அறுவைச் சிகிச்சையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறது.

முதல் நழுவலில் நடப்பது

பெரும்பாலும் யாரும் மோதுவதில்லை. பாதம் தரையில் ஊன்றியிருக்கிறது, முழங்கால் சற்றே மடங்கியிருக்கிறது, உடல் திரும்புகிறது, தொடை எலும்பு உள்நோக்கிச் சுழல்கிறது, முன்தொடைத் தசை பலமாக இறுகுகிறது. சில்லு வெளிச்சுவரைத் தாண்டிப் போய்விடுகிறது. பல நேரங்களில் காலை நீட்டியதும் தானாகவே திரும்பிவிடும். அதனால்தான் "கால் ஏதோ பிசகியது" என்பதற்கு மேல் பலரால் எதுவும் சொல்ல முடிவதில்லை; சிலருக்குச் சுளுக்கு என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அடிபட்ட சில மணி நேரத்துக்குள் முழங்கால் பெரிதாக வீங்கினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். அதைச் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது.

எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், முதல்முறை சில்லு விலகியவர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் எம்.பி.எஃப்.எல். கிழிந்தோ நீண்டோ இருப்பது தெரிகிறது. சில்லின் உள்விளிம்பிலும் தொடை எலும்பின் வெளிமுனையிலும் எலும்புக் கன்றல் ஒன்றுக்கொன்று எதிரெதிரே தெரியும். சில்லு திரும்பி வரும் வழியில் இடித்த தடம் அது. இந்த இடியில் குருத்தெலும்பின் ஒரு துண்டு எலும்போடு சேர்ந்து பெயர்ந்து மூட்டுக்குள் மிதக்கவும் கூடும்.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி: முதல்முறை விலகியதற்கே அறுவைச் சிகிச்சை தேவையா? பொதுவான விடை, தேவையில்லை. சில வாரங்கள் பிரேஸ், பிறகு முறையான இயன்முறைப் பயிற்சி. பெயர்ந்த எலும்புத் துண்டு உள்ளே கிடந்தால் மட்டும் கணக்கு மாறும்; அதை ஒட்டவோ அகற்றவோ வேண்டியிருக்கும்.

முதல் நழுவலுக்குப் பிறகு மீண்டும் விலகும் வாய்ப்பை ஆய்வுகள் 15 முதல் 44 சதவீதம் வரை பலவிதமாகக் காட்டுகின்றன. இத்தனை பெரிய வீச்சு இருப்பதற்குக் காரணம், எல்லா முழங்கால்களும் ஒன்றல்ல என்பதே. எலும்பு வளர்ச்சி முடியாத வயது, ஆழமற்ற பள்ளம் இரண்டும் சேர்ந்த பிள்ளைகளில் 10 பேரில் 7 பேர் வரை மீண்டும் விலகியதாகப் பதிவு இருக்கிறது. இரண்டாவது முறை விலகிவிட்டால், அதன்பின் நழுவல் தொடரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்ற அளவுக்கு ஏறுகிறது. அறுவைச் சிகிச்சைப் பேச்சு பெரும்பாலும் தொடங்குவது இங்குதான்.

எலும்பை அளக்காமல் ஜவ்வைப் பேசக் கூடாது

பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஆன்றி டெஜூர் என்ற எலும்பு மருத்துவரும் அவருடைய குழுவினரும், நழுவும் சில்லு உள்ள முழங்கால்களில் திரும்பத் திரும்பத் தென்படும் நான்கு உடலமைப்புக் காரணங்களை வகுத்தார்கள். இன்றைக்கும் பரிசோதனை அந்த நான்கைச் சுற்றியே நடக்கிறது.

1. ஆழமற்ற பள்ளம். நான்கில் இதுதான் தலையானது. பள்ளம் தட்டையாகவோ, சிலருக்கு மேடாகவோகூட இருக்கும். பக்கவாட்டு எக்ஸ்ரேயிலேயே இதன் அடையாளம் தெரியும். ஏ முதல் டி வரை நான்கு வகைகளாகப் பிரிக்கிறார்கள்.

2. உயரத்தில் நிற்கும் சில்லு. சில்லின் மூட்டுப் பரப்பின் நீளத்தையும், அதன் கீழ்விளிம்பிலிருந்து கீழ்க்கால் எலும்பு வரையுள்ள தூரத்தையும் ஒப்பிட்டு அளக்கிறார்கள். விகிதம் 1.2-ஐத் தாண்டினால் சில்லு அளவுக்கு மீறி உயரத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட சில்லு பள்ளத்துக்குள் இறங்கத் தாமதமாகிறது. காவல் குறைந்த இடைவெளி அந்த அளவுக்கு நீள்கிறது.

3. டிடி-டிஜி இடைவெளி. பள்ளத்தின் ஆழ்புள்ளிக்கும், கீழ்க்கால் எலும்பில் நாண் பதியும் மேட்டுக்கும் இடையே உள்ள பக்கவாட்டுத் தூரம் இது. சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தில் அளக்கலாம். மேடு வெளிப்புறமாகத் தள்ளியிருந்தால் நாண் சில்லை வெளியே இழுக்கும். சி.டி. படத்தில் 20 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மிகுதி என்று கொள்கிறார்கள், எம்.ஆர்.ஐ. அளவு சற்றுக் குறைவாக வருவது வழக்கம்.

4. சில்லின் சாய்வு. வெளிப்புறம் 20 டிகிரிக்கு மேல் சாய்ந்திருப்பது இயல்பன்று.

இவற்றோடு, தொடை எலும்பு அளவுக்கு மீறி உள்நோக்கித் திருகியிருப்பது, முழங்கால்கள் ஒன்றையொன்று முட்டும் கால் அமைப்பு, மூட்டுகள் எல்லாமே தளர்வாக இருக்கும் உடல்வாகு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

படங்கள் மட்டும் போதாது. மருத்துவர் சில்லை விரலால் வெளிப்புறம் மெல்லத் தள்ளும்போது நோயாளி திடுக்கிட்டுத் தொடையை இறுக்குகிறாரா, கையைப் பிடித்துத் தடுக்கிறாரா என்பதே மிகவும் நம்பகமான சான்றுகளில் ஒன்று. உட்கார்ந்த நிலையில் காலை மெல்ல நீட்டச் சொல்லும்போது, முடியும் தறுவாயில் சில்லு திடீரென வெளிப்புறம் துள்ளினால், எலும்பமைப்பில் பெரிய கோளாறு இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை அது. வலி மட்டும் உண்டு, நழுவல் இல்லை என்றால் இந்த அறுவைச் சிகிச்சைக்கு இடமே இல்லை. முன்முழங்கால் வலிக்கு எம்.பி.எஃப்.எல். மறுசீரமைப்பு மருந்தன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய முறைகள் ஏன் கைவிடப்பட்டன

நீண்டகாலம் எல்லோரும் எலும்பையும் வெளிப்புறத் திசுவையும் மாற்றுவதிலேயே முனைந்தார்கள். 1938-இல் ஹாசர் என்ற மருத்துவர் விவரித்த முறையில், நாண் பதியும் எலும்பு மேட்டை வெட்டி உள்பக்கம் நகர்த்தினார்கள். கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதி முக்கோண வடிவம் கொண்டது. உள்ளே நகர்ந்த மேடு கூடவே பின்னோக்கியும் போனது. அதனால் சில்லு தொடை எலும்பின்மேல் அதிக அழுத்தத்தோடு அழுந்தி, ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டுத் தேய்மானம் வந்தது. நழுவல் நின்றும் மூட்டு போயிற்று.

வெளிப்புற இழுவைத் திசுவை வெட்டித் தளர்த்துவது இன்னொரு பழைய வழி. ஒரு காலத்தில் எளிய தீர்வாகப் பரவலாகச் செய்யப்பட்டது. நழுவும் சில்லுக்கு இதைத் தனியாகச் செய்வது பயனற்றது என்று இப்போது தெளிவாகத் தெரிந்துவிட்டது. அந்தத் திசுவும் சில்லைத் தாங்குவதில் பங்கு வகிப்பதால், அதை வெட்டினால் நிலையின்மை கூடவும் செய்யலாம். "வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும்" என்று யாரேனும் சொன்னால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதே நல்லது.

கிழிந்த எம்.பி.எஃப்.எல். ஜவ்வையே மீண்டும் உருவாக்கலாம் என்ற பார்வை 1990-களில் வேரூன்றியது. பிரேசிலைச் சேர்ந்த எல்லெரா கோமஸ் 1992-இல் பாலியெஸ்டர் இழையாலான செயற்கை ஜவ்வைக் கொண்டு செய்த முறையை வெளியிட்டார். அதன்பின் செயற்கை இழையின் இடத்தை நோயாளியின் சொந்தத் தசைநாண் பிடித்துக்கொண்டது.

அறுவைச் சிகிச்சை எப்படி நடக்கிறது

1. மயக்க நிலையில் இரண்டு முழங்கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். விழித்திருக்கும்போது தசை இறுகி மறைத்த தளர்வு இப்போது தெரியும்.

2. ஆர்த்ராஸ்கோப்பி கேமராவை நுழைத்துக் குருத்தெலும்பின் நிலையைப் பார்க்கிறார்கள். மிதக்கும் துண்டு இருந்தால் எடுக்கிறார்கள்.

3. புதிய ஜவ்வாக வைக்கப்போகும் ஒட்டுநாரை எடுக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே உட்புறத்தில் சிறு கீறல் போட்டு, தொடையின் உட்புறம் ஓடும் கிராசிலிஸ் தசையின் நாணை உருவியெடுப்பது பரவலான வழக்கம். அதை அடுத்துள்ள செமிடெண்டினோசஸ் நாணையும் பயன்படுத்துவதுண்டு. முன்தொடைத் தசைநாணின் ஒரு பட்டையை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். கொடையாளரின் நாணும் ஒரு வழி.

4. சில்லின் உள்விளிம்பில், மேல் பாதியில், ஒட்டுநாரைப் பொருத்துகிறார்கள். நூல் பூட்டிய சிறு ஆங்கர்களால் பதிக்கலாம். எலும்பில் துளையிட்டும் பதிக்கலாம். சில்லின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பெரிய துளை போட்டால், பிறகு அந்த இடத்தில் சில்லு உடையும் ஆபத்து உண்டு. அதனால் பலர் இப்போது ஆங்கர் அல்லது ஆழம் குறைந்த துளையை விரும்புகிறார்கள்.

5. தோலுக்கும் மூட்டு உறைக்கும் இடைப்பட்ட அடுக்கு வழியாக நாரைத் தொடை எலும்புப் பக்கம் கொண்டுபோகிறார்கள். நார் மூட்டுக்குள் நுழைவதில்லை.

6. தொடை எலும்பில் பதியும் புள்ளியைக் கண்டுபிடித்து, துளையிட்டு, ஸ்க்ரூ கொண்டு பொருத்துகிறார்கள்.

ஆறாவது படிதான் இந்த அறுவைச் சிகிச்சையின் உயிர்நாடி.

மில்லிமீட்டர் கணக்கு

கிராசிலிஸ் நாண் இயற்கையான எம்.பி.எஃப்.எல். ஜவ்வைவிடப் பல மடங்கு வலுவானது. கேட்க நல்ல செய்திபோலத் தோன்றும். உண்மையில் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இயற்கையான ஜவ்வு தவறாக இழுபட்டால் நீளும், கிழியும். வலுவான புதிய நார் தவறான இடத்தில் பொருத்தப்பட்டால் அது விட்டுக்கொடுக்காது, விட்டுக்கொடுப்பது குருத்தெலும்புதான்.

தொடை எலும்பில் புள்ளி சரியான இடத்துக்கு மேலே அமைந்தால், கால் மடங்க மடங்க நார் இறுகிக்கொண்டே போகும். மடங்கும்போது தளர வேண்டிய இயல்புக்கு இது நேர் எதிர். விளைவு: கால் மடங்காது, உட்புறம் வலிக்கும், சில்லின் உள்பாதிக் குருத்தெலும்பு அழுந்தித் தேயும். புள்ளி கீழே அமைந்தால் மறுதலையாக, மடங்கும்போது அளவுக்கு மீறித் தளர்ந்து, நீட்டும்போது இறுகும். 2006-இல் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு, புள்ளி 5 மில்லிமீட்டர் மேலே போவதும் நார் 3 மில்லிமீட்டர் குட்டையாவதும் உட்புறக் குருத்தெலும்பின்மேல் விழும் சுமையைக் கூட்டுகின்றன என்று காட்டியது. ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லாத தூரம் ஒரு முழங்காலின் எதிர்காலத்தை மாற்றிவிடுகிறது.

புள்ளியைக் கண்டுபிடிக்க 2007-இல் ஷாட்டில் என்ற மருத்துவரின் குழுவினர் ஓர் எக்ஸ்ரே அடையாளத்தை வரையறுத்தார்கள். தொடை எலும்பின் பின்விளிம்புக் கோட்டை நீட்டி, அதற்கு 1 மில்லிமீட்டர் முன்னாலும், உட்புற முண்டின் (தொடை எலும்பின் கீழ்முனையில் இருக்கும் இரண்டு உருண்டைப் பகுதிகளில் உட்பக்கத்தது) பின்வளைவு தொடங்கும் இடத்துக்கு 2.5 மில்லிமீட்டர் கீழேயும் அந்தப் புள்ளி அமைகிறது. அறுவை அரங்கிலேயே எக்ஸ்ரே திரையில் பார்த்துக் குறிக்கலாம். படம் சரியான பக்கவாட்டுக் கோணத்தில் இருக்க வேண்டும். சற்றே சுழன்ற படத்தில் குறித்த புள்ளி தவறான புள்ளி. இரண்டு முண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தித் தெரியும்வரை காலைத் திருப்பித் திருப்பிப் படமெடுப்பது சலிப்பான வேலைதான். அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளும் மருத்துவரே இதற்கு ஏற்றவர்.

எக்ஸ்ரே அடையாளம் ஒரு தொடக்கம் மட்டும். ஆளுக்கு ஆள் உடலமைப்பு மாறும். எனவே ஸ்க்ரூ போடும் முன், குறித்த புள்ளியில் கம்பியைச் செருகி, நாரை அதில் சுற்றி, காலை முழுக்க மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். மடக்கும்போது நார் இறுகினால் புள்ளியை மாற்ற வேண்டும். பிறகு, கால் ஏறத்தாழ 30 டிகிரி மடங்கி, சில்லு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நிலையில் நாரைப் பொருத்துவது பலரின் வழக்கம். அந்த நிலையில் சில்லின் இடத்தைப் பள்ளமே நிர்ணயித்துவிடுவதால், நாரை இழுத்துக்கட்டும் தவறு குறைகிறது. பொருத்திய பின்னும் சில்லை வெளிப்புறம் தள்ளினால், மற்றக் காலில் நகரும் அளவுக்கு அது நகர வேண்டும்; அதன்பின் உறுதியாகத் தடைபட வேண்டும். அறவே அசையாத சில்லு வெற்றியன்று.

ஜவ்வு மட்டும் போதாத முழங்கால்

பள்ளம் ஓரளவு இருந்து, சில்லின் உயரமும் டிடி-டிஜி இடைவெளியும் மிகையில்லாத முழங்காலுக்கு ஜவ்வை மட்டும் மறுசீரமைப்பது போதுமானது. அளவுகள் எல்லை மீறும்போது புதிய நார் ஒவ்வோர் அடிக்கும் எலும்புக் கோளாறோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கூடுதலாகச் செய்யக்கூடியவை இவை:

1. எலும்பு மேட்டை இடம் மாற்றுதல். டிடி-டிஜி இடைவெளி மிகுந்தால் உள்பக்கம். சில்லு உயரத்தில் நின்றால் கீழ்ப்பக்கம். 1983-இல் ஃபுல்கர்சன் விவரித்த சாய்வெட்டு முறையில் மேடு உள்ளேயும் முன்னேயும் நகர்வதால், ஹாசர் முறையின் அழுத்தச் சிக்கல் தவிர்க்கப்படுகிறது.

2. பள்ளத்தை ஆழப்படுத்துதல். குருத்தெலும்புக்கு அடியில் எலும்பைச் செதுக்கிப் பள்ளத்தை வடிவமைக்கும் நுணுக்கமான அறுவை. கடுமையான தட்டைப் பள்ளத்துக்கும் மேட்டுப் பள்ளத்துக்கும் மட்டும், இதில் பழகிய கைகளால் மட்டும் செய்யத்தக்கது.

3. தொடை எலும்பின் திருகலையோ கால் வளைவையோ வெட்டிச் சரிசெய்தல். மிகக் கடுமையான கோளாறுகளுக்கே.

எந்த எல்லையில் எதைச் சேர்ப்பது என்பதில் நிபுணர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. 20 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய இடைவெளி உள்ளவருக்கு ஒருவர் எலும்பை வெட்டுவார். இன்னொருவர் ஜவ்வு போதும் என்பார். இருவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் இருவருமே அளந்திருக்க வேண்டும். அளவு எதுவும் சொல்லாமல் அறுவைக்கு நாள் குறிப்பதை ஏற்கக் கூடாது.

வளரும் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் கட்டுப்பாடு உண்டு. எம்.பி.எஃப்.எல். பதியும் புள்ளி தொடை எலும்பின் வளர்ச்சித் தட்டுக்கு, அதாவது எலும்பு நீண்டு வளரும் பகுதிக்கு, மிக அருகில் இருக்கிறது. துளை அந்தத் தட்டைக் காயப்படுத்தினால் கால் வளைந்து வளரலாம். தட்டுக்குக் கீழே, அதைத் தொடாமல் துளையிட வேண்டும். வளர்ச்சி முடியும்வரை எலும்பு மேட்டை வெட்டி நகர்த்துவது கூடாது. முழங்கால் பின்னோக்கி வளையும் கோளாறு வந்துவிடும்.

அறுவைக்குப் பின்

எலும்பு வெட்டப்படாவிட்டால், பிரேஸும் ஊன்றுகோலும் துணையாகக் கொண்டு முதல் நாட்களிலேயே காலில் எடை வைக்கப் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். ஆறு வாரங்களுக்குள் 90 டிகிரியும், மூன்று மாதங்களுக்குள் முழு மடக்கமும் பொதுவான இலக்குகள். எலும்பு மேடு நகர்த்தப்பட்டிருந்தால் எடை வைப்பது தள்ளிப்போகும்.

முதல் வாரங்களின் பெரிய எதிரி வலியல்ல. முன்தொடைத் தசை அணைந்துபோவது. மூட்டு வீங்கியிருக்கும்போது நரம்பு மண்டலமே அந்தத் தசையைத் தடுத்துவிடுகிறது. நோயாளி முயன்றும் தசை இறுகாது. அது சோம்பலோ பயமோ காரணமாக நேர்வதன்று. வீக்கத்தைக் குறைப்பது, காலை நீட்டியபடி தொடையை இறுக்கும் சிறு பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்வது, தேவையானால் மின்தூண்டல் ஆகியவை தசையை மீண்டும் எழுப்பும். இந்தக் கட்டத்தைத் தவறவிட்டவர்களுக்கு மாதங்கள் கழிந்தும் படியிறங்கும்போது கால் நம்பிக்கை தராது.

விளையாட்டுக்குத் திரும்புவது ஆறு முதல் ஒன்பது மாதங்களில் என்று சொல்வது வழக்கம். நாட்காட்டியைவிட நம்பத்தக்கவை வேறு சோதனைகள்: அறுவை செய்த காலின் வலிமை மற்றக் காலின் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும், ஒற்றைக்காலில் தாவி இறங்கும்போது முழங்கால் உள்ளே மடியக் கூடாது, திரும்பி ஓடும் அசைவில் அச்சம் இருக்கக் கூடாது.

தவறக்கூடியவை

2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 629 முழங்கால்களில் நடந்த மறுசீரமைப்புகளைச் சேர்த்துப் பார்த்து, 26 சதவீதச் சிக்கல் விகிதத்தைக் கண்டது. எண் அச்சமூட்டலாம். மீண்டும் முழுக்க நழுவுவது அதில் ஒரு சிறு பகுதியே. மடக்கம் குறைவது, வலி தொடர்வது, பரிசோதனையில் தளர்வு தென்படுவது, காயம் ஆறாமை, அரிதாகச் சில்லு உடைவது என எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இவற்றில் கணிசமானவை புள்ளி பிசகியதாலும் நார் இறுகியதாலும் வருபவை. கீறலுக்கு அருகே தோலில் ஒரு மரத்த திட்டு உண்டாவதும் உண்டு. அது பெரும்பாலும் தொல்லை தராது.

மூன்று மாதங்கள் தாண்டியும் 90 டிகிரிக்கு மேல் கால் மடங்கவில்லை என்றால் "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருக்கக் கூடாது. பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, துளையின் இடத்தைப் பார்க்க வேண்டும். புள்ளி தவறியிருந்தால் கடுமையான பயிற்சி குருத்தெலும்பை மேலும் நசுக்கும்.

தேய்மானத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். சில்லு விலகியவர்களை நெடுங்காலம் தொடர்ந்து கண்காணித்த ஓர் அமெரிக்க மக்கள்தொகை ஆய்வில், 25 ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குச் சில்லு மூட்டில் தேய்மானம் வந்திருந்தது. முதல் 10 ஆண்டுகளில் அது மிகச் சிலருக்கே தெரிந்தது. பிறகுதான் வேகமாக ஏறியது. ஒவ்வொரு நழுவலும் குருத்தெலும்பை இடிக்கிறது என்பதால் நழுவலை நிறுத்துவதற்கு மதிப்பு உண்டு. ஆனால் ஏற்கெனவே பட்ட சேதத்தை எந்த ஜவ்வும் திருப்பித் தராது. அதனால், அறுவைக்குச் சம்மதிக்கும் முன் மருத்துவரிடம் நான்கு விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பள்ளத்தின் வகை, சில்லின் உயர விகிதம், டிடி-டிஜி இடைவெளி, குருத்தெலும்பின் நிலை. அறுவை முடிந்ததும் துளையின் இடம் தெரியும் பக்கவாட்டு எக்ஸ்ரேயின் பிரதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப்போவது அந்தப் படத்தைத்தான்.